ரஞ்சிதம் பேரில் ஒரு படுக்கை

எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தி எங்கே பிள்ளை பெறப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள அவள் வயிற்றைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டைப் பார்த்தாலே போதும். பங்களாவில் இருந்த துரைசானி ஆறாம் மாதமே சிங்கப்பூருக்குப் போய்விட்டார். ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கிரகரியின் மனைவி பார்பராவை ஒன்பதாம் மாதம் பிறந்த அன்றைக்கே கார் வைத்து ஈப்போவுக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளையோடு திரும்பி வந்தபோது அந்த அம்மாள் போனபோது இருந்ததைவிட நிறமாக இருந்தார். செக்ரோலில், அதாவது தோட்டத்து நிரந்தர ஆள் பதிவில், பேர் உள்ள கொழுந்துக்காரிகளான எங்களுக்கு ஒரு கார்டு உண்டு. அதைக் காட்டினால் தோட்டத்து லேண்ட்ரோவர் மலையிறங்கி கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும். கண்ட்ராக்டர் நல்லுசாமியிடம் புல் வெட்டவும் மருந்தடிக்கவும் வந்தவர்களுக்குக் கார்டும் இல்லை, வண்டியும் இல்லை. பலகை வீட்டில் சாக்கை விரித்துப் பெற்றார்கள். பிழைத்தால் பிள்ளை. இல்லாவிட்டால் நாலு பேர் நின்று, அவள் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். நானும் அப்படிச் சொல்லிவிட்டுப் போனவள்தான்.

என் பேர் ரஞ்சிதம். எழுபத்து நாலாம் வருஷம் எனக்கு முப்பத்தொரு வயது. நாலு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன, ஐந்தாவது வயிற்றில். அதோடு போதும் என்று எனக்கும் என் வீட்டுக்காரர் சின்னக்கருப்பனுக்கும் தோன்றிவிட்டது. மாதம் ஒரு தடவை டிரெஸ்ஸர் சிங்காரத்தின் மருந்தறைக்குக் கவர்மெண்டு நர்ஸ் மிஸ்ஸி வருவார். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துக் கார்டில் எழுதுவார். ஏழாம் மாதம் அவரிடம், இதற்குப் பிறகு எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்தார். பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே ஆப்பரேஷன் செய்து, இனிமேல் கர்ப்பம் நிற்காமல் கட்டிவிடுவார்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சம்மதம் கொடுக்க வேண்டும் என்றார். நான் கைநாட்டு வைத்தேன். கூட வந்திருந்த வீட்டுக்காரரும் வைத்தார். மிஸ்ஸி அந்தத் தாளை நாலாக மடித்துக் கார்டின் பின்பக்கம் ஊசி குத்திக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து கார்டைப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன். பிறகு அந்தத் தாளை நான் நினைக்கவே இல்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் அதுதான் உண்மை.

நவமணி கண்ட்ராக்ட் ஆள். பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவளும் புருஷன் கருப்பையாவும் ஒரு தகரப் பெட்டியோடு மேலே வந்தார்கள். இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். முந்தின வருஷம் அவளுடைய முதல் பிள்ளை சாக்கிலேயே போய்விட்டது. எனக்கும் அவளுக்கும் பெரிய பழக்கம் எதுவும் கிடையாது. ஓடையில் துணி துவைக்க இரண்டு பேரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்போம். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், "உங்களுக்கு எத்தனாவது மாசம்கா?" என்பாள். எனக்கு அவளைவிட மூன்று வாரம் பின்னால். அவ்வளவுதான் உறவு.

அன்றைக்குக் காலையில் மழை இல்லை. பத்து மணி இருக்கும். வயிற்றுக்காரி என்று கங்காணி என்னை நாற்றுமேட்டில் களை பிடுங்க விட்டிருந்தார். வடிவம்மாள் மூச்சிரைக்க ஏறி வந்தாள். கொழுந்துக்காரிதான், நாலைந்து பேருக்குத் தொப்புள்கொடி அறுத்திருக்கிறாள் என்பதால் கண்ட்ராக்ட் ஆட்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"ரஞ்சிதம், அந்த நவமணிப் பொண்ணுக்குப் புள்ளையோட கை வெளிய வந்துருச்சு. ரெண்டு நாளா கெடக்கு. என்னால ஆவாது. கை வெச்சேன்னா கொன்னுருவேன்."

"டிரெஸ்ஸரக் கூப்புட வேண்டியதுதானே?"

"மருந்து எடுக்க ஈப்போ போயிட்டாரு. கருப்பையா எந்த மலையில மருந்தடிக்கிறானோ தெரியல. நீ அந்த மைக்கலுகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். ஒனக்குன்னா கேப்பான்."

மைக்கல் லேண்ட்ரோவர் டிரைவர். நல்லவன்தான். ஆபீஸ் முன்னால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதும் துணியைக் கீழே போட்டுவிட்டு ஆபீஸ் கதவைப் பார்த்தான்.

"அவங்க செக்ரோல்ல இல்லையேக்கா. கார்டு இல்லாம ஏத்துனேன்னு தெரிஞ்சா துரை என்னத் தூக்கிருவாரு. போன வருஷம் ஒருத்தன தூக்குனாருல்ல."

"செத்துப்போயிருவாடா."

"கார்டு ஒன்னு இருந்தா போதும்கா. யாரு எவருன்னு நான் பாக்கப்போறதில்ல."

அவன் இதைச் சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தான். சொல்லிக்கொடுத்தானா, சும்மா சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்து வந்தேன். கார்டில் படம் கிடையாது. எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். தோட்டத்துக்காரியின் முகத்தைப் பார்த்து யார் வயதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

கம்பளியில் சுற்றி வண்டிக்குள் அவளைப் படுக்க வைத்தோம். நான் அவள் காதில் குனிந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்.

"இங்க பாரு நவமணி. ஒன் பேரு ரஞ்சிதம். புருஷன் பேரு சின்னக்கருப்பன். நாலு புள்ள இருக்கு. சொல்லு."

"ரஞ்சிதம்... சின்னக்கருப்பன்... நாலு."

"மலாய்ல ஏதாச்சும் கேட்டா முழிக்காத. என்னா கேட்டாலும் 'யா'ன்னு சொல்லிரு. இல்லன்னு சொல்லிராத, சந்தேகப்படுவாங்க. தெரியுதா?"

"யா," என்றாள்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வடிவம்மாள் துணைக்கு ஏறிக்கொண்டாள். வண்டி வளைவில் மறையும்வரை நின்றேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. நாற்றுமேட்டுக்குத் திரும்பி வந்து மீதிக் களையைப் பிடுங்கினேன்.

பத்து நாள் கழித்துத் தாயும் பிள்ளையும் வந்தார்கள். ஆண் பிள்ளை. வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக வடிவம்மாள் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கருப்பையா என் வாசலில் வந்து நின்றான். கும்பிடவும் தெரியாமல், போகவும் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

நவமணியைப் பார்க்கப் போனேன். சாக்கின் மேல் பாய் போட்டு, அதன் மேல் படுத்திருந்தாள். பிள்ளைக்கு அமிர்தலிங்கம் என்று பேர் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பேரை எழுதிக்கொண்டார்களாம்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்கா. என்னா கேட்டாலும் 'யா'. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்ஸி ஒரு தாளக் காட்டி என்னமோ கேட்டாங்க. நீட்டமா கேட்டாங்க. 'யா யா'ன்னேன். தோளத் தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க." கார்டை என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க. பத்தரமாக் கொண்டாந்துட்டேன்."

கார்டைப் பின்பக்கம் திருப்பினேன். தாள் இல்லை. ஊசி குத்திய இரண்டு ஓட்டைகள் இருந்தன.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிள்ளையை மடியில் வைத்தாள், வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் டிரெஸ்ஸர் சிங்காரத்திடம் போனேன். அவர் கார்டைப் படித்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி கார்டைப் படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கார்டில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ஆண் குழந்தை. வயிற்றைக் கிழித்து எடுத்தது. தாய்க்குக் கட்டியாகிவிட்டது.

"கட்டியாச்சுன்னா, அவுக்க முடியுங்களா ஐயா?"

"வெட்டித்தான் கட்டுவாங்க. கயிறா, அவுக்கறதுக்கு?"

அவருக்கும் நாலு வருஷத்தில் பென்ஷன். "இது வெளிய போனா மொதல்ல மைக்கல் வேல போவும். அப்புறம் எனக்கு. நீயும் ஒம் புருஷனும் லயத்தக் காலி பண்ணணும். போலீஸ் வேற. அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். ஆனா நான் ஒன்னும் பாக்கல, நீ ஒன்னும் கேக்கல." கார்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருடைய மேசை இழுப்பறைக்குள் போட்டார். "இந்த நம்பருக்குப் புள்ள பொறந்து முடிஞ்சிருச்சு ரஞ்சிதம். இனிமே கீழ போயிராத."

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து என் ஐந்தாவது பிள்ளையை வடிவம்மாள்தான் பிடித்தாள், எங்கள் வீட்டுப் பலகைத் தரையில். ஆண் பிள்ளை. சுலபமாக வந்துவிட்டான். இராமையா என்று என் மாமனார் பேரை வைத்தோம். வீட்டுக்காரரிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளையாரு புடிக்கக் கொரங்காப் போச்சு," என்றார்.

நவமணியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். தையல் ஆறட்டும் என்று முதலில் நினைத்தேன். பிள்ளைக்கு முப்பது நாள் கழியட்டும் என்று பிறகு நினைத்தேன். அதன் பிறகு, பிள்ளைதான் கல்லுக்குண்டாக இருக்கிறானே, இப்போது எதற்கு அவள் வயிற்றில் நெருப்பைக் கொட்ட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் இருக்க விரும்புகிறவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரி மூலமாகப் பதிந்த பிறப்புப் பத்திரம் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. பிள்ளை பேர் அமிர்தலிங்கம். தாய் ரஞ்சிதம், தகப்பன் சின்னக்கருப்பன். நான் அதை நவமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் இராமையாவுக்குப் பத்திரம் எடுக்க முடியவில்லை. இருபத்து மூன்று நாளில் ஒருத்தி இரண்டு தடவை பெற்றாள் என்று எந்த ஆபீசில் போய் எழுதச் சொல்வது? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

நாலாம் மாதம் நவமணியின் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கண்ட்ராக்ட் வீடுகளுக்கு ஓடைத் தண்ணீர்தான், மேலே காய்கறித் தோட்டத்தில் அடிக்கிற மருந்தும் உரமும் அதில்தான் இறங்கும். மூன்று நாள். இந்தத் தடவை கார்டும் இல்லை, யோசனை சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. கருப்பையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிரிஞ்சாங் சாலைவரைக்கும் நடந்து ஒரு காய்கறி லாரியை நிறுத்தியிருக்கிறான். லாரி பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்து ஒரு வாரம் இருக்கும். நவமணி என் வீட்டுக்கு வந்தாள். நான் இராமையாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். மடியிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்தாள்.

"இது இனிமே எனக்கு எதுக்குக்கா? ஒங்க பேருதானே இருக்கு. தம்பிக்குப் பொறப்பு சூராட் இல்லேன்னீங்களே. வெச்சுக்குங்க."

நான் வாங்கிக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள்.

"எனக்கு அடுத்தது நின்னுச்சுன்னா மறுபடியும் ஒங்க கார்டத்தான் கேப்பேன். தருவீங்கல்ல?"

"தரேன்," என்றேன்.

இப்படித்தான் என் மகன் வீட்டில் இராமையாவாகவும் பத்திரத்தில் அமிர்தலிங்கமாகவும் ஆனான். நவமணி மட்டும் அவனைத் தம்பி என்றே கூப்பிடுவாள். இரண்டு பேரில் எதையும் சொல்லமாட்டாள்.

வருஷங்கள் போனதற்குத் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு, பிறகு கொழுந்து, பிறகு நிறுவை. எழுபத்து ஏழில் எனக்கு இன்னொரு பெண் பிள்ளை பிறந்தது. போதும் என்று கைநாட்டு வைத்தவளுக்கு வந்து பிறந்தது. நவமணிதான் மருந்து அரைத்துக் கொண்டுவந்தாள், எனக்கு வெந்நீர் ஊற்றினாள், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்தில் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கும். பிறகு அதுவும் மரத்துப்போனது. எதுவும் பழகிவிடும் என்கிறார்களே, அது பொய்யில்லை.

எழுபத்து ஒன்பதில் ஆள் பற்றாமல் தோட்டத்தில் கண்ட்ராக்ட் ஆட்கள் சிலரைச் செக்ரோலில் எடுத்தார்கள். நவமணிக்கும் கருப்பையாவுக்கும் நம்பர் கிடைத்தது, லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடும் கிடைத்தது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அவர்கள் தீக்குச்சி உரசினால் இந்தப் பக்கம் கேட்கும். நம்பர் கிடைத்த அன்றைக்கு நவமணி எனக்கு மிட்டாய் கொடுத்தாள். "இனிமே ஒங்க கார்டு வேணாம்கா. எனக்கே தருவாங்க," என்றாள். அந்த மிட்டாயை நான் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

எண்பத்தொன்று மார்ச்சில் ஒரு நாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். என் மகன் அந்த ஜனவரியில்தான் அந்தப் பத்திரத்தைக் காட்டி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். நவமணி கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"அவரு லெம்பா பெர்த்தாம்ல ஒரு பொண்ணு பாத்துட்டாருக்கா. வேலம்மாவாம். காய்கறித் தோட்டக்காரரு வீட்டுப் பொண்ணு. மலடிய வெச்சுக்கிட்டு எத்தன நாளைக்கின்னு கேக்கறாரு."

நான் கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டேன்.

"ஈப்போல ஒரு பொம்பள டாக்டரு இருக்காங்களாம். தனியார் கிளினிக்கு. கிராணியம்மாவுக்கு அவங்கதான் பாத்தாங்களாம். மூனு வருஷமா சேத்து வெச்சிருக்கேன். ஒரே ஒரு தடவ காட்டிட்டு வந்துர்றேன், அதுக்கப்புறம் ஒங்க இஷ்டம்னு சொல்லியிருக்கேன். மருந்து குடுத்தா நின்னுரும்லக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏழு வருஷமாக நான் தேடி வைத்திருந்த காரணம் ஒன்றுகூட அந்த நேரத்தில் கைக்கு அகப்படவில்லை.

"நிக்காது நவமணி," என்றேன். "ஒனக்குக் கட்டிட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கைநாட்டு வைத்தது, தாளைக் குத்தியது, மறந்தது, டிரெஸ்ஸர் படித்துச் சொன்னது, பிறகு சொல்லாமல் விட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதைச் சொல்ல ஏழு வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கொழுந்து எடுப்பதை நிறுத்தவில்லை. என்னைத் திட்டுவாள், கூடையைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. இரண்டு செடி தாண்டி நின்றாள்.

"அன்னிக்கி ஒங்க கார்டு இல்லாட்டி நான் செத்திருப்பேன்."

"ஆமா."

"அவனும் வயித்துலயே போயிருப்பான்."

"ஆமா."

"ம்," என்றாள். இன்னும் இரண்டு செடி போனாள். "அப்ப நான் மலடி இல்ல."

"இல்ல."

"அத அவருகிட்ட நீங்க சொல்லுங்கக்கா. நான் சொன்னா, போகவிடாம பண்றதுக்குக் கத கட்றேம்பாரு. ஒங்க வாயால சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"சொல்றேன்," என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கருப்பையா கோவக்காரன். நேரா போலீசுக்குப் போவான். தாள் யாருது, கார்டு யாருதுன்னு நோண்டுவாங்க. நம்ம பையன் சூராட்ட புடுங்கிருவாங்க. அவன் எந்த நாட்டுக்காரன்னு கேட்டா என்னா காட்டுவ? பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பிருவாங்க. தனக்கு மிஞ்சித்தான் தர்மம்."

"அவ கேக்கறாளுங்க. ஒரு வார்த்ததான்."

"அந்த ஒரு வார்த்தைக்கு நம்ம புள்ளய வெலையா குடுப்பியா?"

மறுநாள் நவமணி குழாயடியில் என்னைப் பார்த்தாள். நான் குடத்தைப் பார்த்தேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு என் மகன் லயத்து வழியாகப் போனான். அவன் வளைவு திரும்பும்வரை பார்த்துவிட்டு, நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசியில் அவளே கருப்பையாவிடம் சொல்லியிருக்கிறாள். பிரசவத்தின்போது தனக்குக் கட்டிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவன் நம்பவில்லை. டாக்டர் வாயால் கேட்கிறேன் என்று அவனும் கூடவே ஈப்போவுக்குக் கிளம்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். வீட்டுக்காரர் பாயில் படுத்திருந்தார், தூங்கவில்லை. பையன் தரையில் கவிழ்ந்து படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கருப்பையாவின் குரல். கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேனோ என்னவோ.

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல? கையெழுத்து இல்லாம கட்டமாட்டாங்களாம். யாரு வெச்சா?"

பெட்டி மூடி படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ரஞ்சிதம் கார்டுல போனல்ல. அதுல இருந்துச்சா தாளு? அவங்க வெச்ச கைநாட்டா? சொல்லு. இப்பவே ஆபீசுக்குப் போறேன். போலீசுக்குப் போறேன். அவங்க ரெண்டு பேரையும் அந்த டிரைவரையும் உள்ள தள்றேன்."

வீட்டுக்காரர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், போகாதே என்று. ஆட்டியிருக்க வேண்டியதில்லை. நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். பையன் பென்சிலைத் தரையில் தேய்த்துக் கூர் பண்ணிக்கொண்டிருந்தான்.

"சொல்லுடி. அவங்களுதுதானே?"

"இல்ல," என்றாள் நவமணி. "ஆஸ்பத்திரில தாளக் காட்டிக் கேட்டாங்க. நான்தான் சரின்னேன். நான்தான் கைநாட்டு வெச்சேன்."

"என்னக் கேக்காமயா?"

"கேக்காமத்தான்."

பெட்டி மறுபடி இழுபட்டது. கதவு திறந்தது. லயத்துப் படியில் பெட்டி இடிக்க அவன் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பையன் தலையைத் தூக்கி, "சித்தப்பா எங்க போறாரும்மா?" என்று கேட்டான். எழுதுடா என்றேன்.